ஒரே இரவில் வந்ததா, மெல்ல வந்ததா? கழிவுநீர் நிலையத்தில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

காலையில் வந்து பார்த்தால், நேற்றுவரை கண்ணாடி மாதிரி வழிந்த கிளாரிஃபையர் (ஸ்லட்ஜ் எனும் பாக்டீரியாச் சேறு படிந்து, தெளிந்த நீர் மேலே வழியும் தொட்டி) தண்ணீர் இன்று பழுப்பாக வெயர் என்ற விளிம்பைத் தாண்டிக்கொண்டிருக்கும். உடனே கை பரபரக்கும். ஆர்ஏஎஸ் பம்பை (படிந்த ஸ்லட்ஜைக் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது) ஏற்றுவோம், காற்றூதும் ப்ளோயரைக் கூட்டுவோம், துகளைத் திரட்டக் கொஞ்சம் பாலிமர் ஊற்றுவோம், ஸ்லட்ஜையும் வெளியே தள்ளுவோம். நான்கையும் ஒரே மணி நேரத்தில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆரம்பத்தில் நானும் அதே ஆள்தான். பிறகு நிலைமை சரியாகும், ஆனால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்போது மறுபடி நான்கையும் செய்வோம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இது எவ்வளவு வேகமாக வந்தது? ஒரு ஷிஃப்டுக்குள் வந்திருந்தால் இயந்திரம், நீர்வரத்து, மீட்டர், விஷம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டு மூன்று வாரமாக மெல்ல மெல்ல ஏறி வந்திருந்தால் ஸ்லட்ஜ் வயது (ஸ்லட்ஜ் தொட்டியில் சராசரியாகத் தங்கும் நாட்கள்), உணவு (வரும் நீரில் உள்ள அழுக்கு), இழை பாக்டீரியா பக்கம் தேட வேண்டும். தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் ஒரே இரவில் ஆள் மாறாது. அதே காரணத்தால் நீங்கள் இன்று செய்யும் மாற்றத்தின் பலனும் நாளைக்கே தெரியாது. கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்கப்போகிறோம்.

அதற்கும் முன்னால், மீட்டர் சொல்வது உண்மையா?

ஒரு நிலையத்தில் டிஓ (நீரில் கரைந்த ஆக்ஸிஜன்) மூன்று நாளாக லிட்டருக்கு 0.3 மி.கி. காட்டியது. ப்ளோயர் முழு வேகத்தில் ஓடியது, கரண்ட் பில் எகிறியது, வெளியேறும் நீரில் நைட்ரேட் ஏறியது, நுண்ணிய தூள் மிதந்தது. நாங்கள் தொழிற்சாலைக் கழிவு ஏதோ வருகிறது என்று வரும் நீரை மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் டிஓ ப்ரோபை வெளியே தூக்கினால் அதைச் சுற்றித் துணிக்கந்தலும் முடியும் ஒரு கொத்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கொத்தில் வளர்ந்த பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தின்றுவிட, ப்ரோப் அதைத்தான் அளந்துகொண்டிருந்தது. தொட்டியில் உண்மையில் 5க்கு மேல் இருந்தது.

ஆகவே கையில் எடுத்துப்போகும் மீட்டரால் ஒரு முறை சரிபாருங்கள். ப்ரோபைத் துடைத்து ஈரக் காற்றில் பிடித்தால் நூறு சதவீதம் காட்ட வேண்டும், கடல்மட்ட அளவில் 20 டிகிரியில் அது லிட்டருக்குச் சுமார் 9.1 மி.கி. எம்எல்எஸ்எஸ் (ஏரேஷன் தொட்டி நீரில் உள்ள திடப்பொருள் அளவு) மீட்டரை ஆய்வகத்தில் வடிகட்டி உலர்த்தி எடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். இதற்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை.

ஸ்லட்ஜ் படியவே மாட்டேன் என்கிறது

ஏரேஷன் தொட்டி முடியும் இடத்தில் புதிதாக மாதிரி எடுத்து, ஆடாமல் வைத்து, 30 நிமிடம் படிய விடுங்கள். ஒரு லிட்டர் சிலிண்டரை விட அகலமான 2 லிட்டர் ஜாடி நல்லது. குறுகிய சிலிண்டரில் சுவர் பிடித்துக்கொண்டு ஸ்லட்ஜ் நிற்கும், பொய் சொல்லும். 30 நிமிடத்தில் படிந்த அளவை ஆயிரத்தால் பெருக்கி எம்எல்எஸ்எஸ்ஸால் வகுத்தால் எஸ்விஐ, ஸ்லட்ஜ் எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று சொல்லும் எண். லிட்டருக்கு 600 மி.லி., எம்எல்எஸ்எஸ் 3000 மி.கி. என்றால் எஸ்விஐ 200. பொதுவாக 80 முதல் 120 வரை நிம்மதி, 150ஐத் தாண்டினால் கவனம்.

இங்கே பலரும் விட்டுவிடும் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்திலேயே இன்னொரு ஜாடி வைத்து, பாதி மாதிரி, பாதி கிளாரிஃபையரிலிருந்து வெளியேறும் தெளிந்த நீர் என்று கலந்து படிய விடுங்கள். நீர்த்த ஜாடி நன்றாகப் படிந்து, நீர்க்காத ஜாடி மட்டும் முரண்டு பிடித்தால் ஸ்லட்ஜில் குறை இல்லை, கூட்டம் அதிகம், அவ்வளவுதான். ஸ்லட்ஜை வெளியேற்றுவதைக் கூட்டினால் போதும். நீர்த்த பிறகும் படியவில்லையென்றால் பல்கிங், அதாவது ஸ்லட்ஜே உப்பி நிற்கிறது. அப்போது நுண்ணோக்கியைத் திறக்கத்தான் வேண்டும்.

நுண்ணோக்கியில் ஃப்ளாக் என்ற பாக்டீரியாத் திரளிலிருந்து முடி முடியாக நீட்டிக்கொண்டு ஒன்றோடொன்று பாலம் போட்டிருந்தால் இழை பாக்டீரியா. இது ஒரு நாளில் வந்திருக்காது, வாரக்கணக்கில் வளர்ந்திருக்கும். ஏன் வளர்ந்தது என்பதற்குச் சில வழக்கமான காரணங்கள்: உணவுச் சுமைக்கு ஈடாக ஆக்ஸிஜன் போகவில்லை, அல்லது தலைகீழாக உணவு ரொம்பக் குறைவு, அல்லது வரும் நீர் குழாயிலேயே கெட்டு சல்ஃபைடோடு வருகிறது, அல்லது நைட்ரஜனும் பாஸ்பரஸும் பற்றவில்லை. கடைசியாகச் சொன்னது வீட்டுக் கழிவுநீரில் அரிது, தொழிற்சாலைக் கழிவில் சகஜம். பிஓடி (பாக்டீரியா அழுக்கைத் தின்ன எடுக்கும் ஆக்ஸிஜன் அளவு) 100க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற பழைய கைக்கணக்கு இன்னும் உதவுகிறது. சத்துக் குறையும்போது இழையே இல்லாமல் கூட கோழை மாதிரி வழவழப்பாகி ஸ்லட்ஜ் படியாமல் போகும். நுண்ணோக்கியில் இழை தேடித் தேடிக் கிடைக்காமல் விழிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கவும்.

அவசரத்துக்கு ஆர்ஏஎஸ்ஸில் குளோரின் விடலாம். தொட்டியில் இருக்கும் ஆவியாகும் திடப்பொருள் (திடப்பொருளில் சூடாக்கினால் எரிந்துபோகும் கரிமப் பகுதி) 1000 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 அல்லது 3 கிலோவில் ஆரம்பித்து, தினமும் எஸ்விஐ பார்த்து மெல்ல ஏற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும், அப்புறம் ஒரு பிரச்சினைக்கு இரண்டு பிரச்சினை. மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா என்ற இழைக்குக் குளோரின் பெரிதாக வேலை செய்யாது, அதற்குப் பாலி அலுமினியம் குளோரைடு மேல். எதுவாக இருந்தாலும் இது தலைவலி மாத்திரைதான், மூல காரணம் அப்படியே இருந்தால் சில வாரத்தில் இழை திரும்பும்.

சரி, எஸ்விஐ நன்றாக இருக்கிறது, ஆனால் பிளாங்கெட் (கிளாரிஃபையர் அடியில் படிந்த ஸ்லட்ஜ் அடுக்கு) ஏறுகிறது, அதுவும் சில மணி நேரத்தில் ஏறியது என்றால்? ஆர்ஏஎஸ் பம்பு அடைத்திருக்கிறதா, அடி ஸ்லட்ஜைச் சுரண்டித் தள்ளும் ஸ்க்ரேப்பர் சுற்றுகிறதா, இரண்டு கிளாரிஃபையர் இருந்தால் தண்ணீர் சமமாகப் பிரிகிறதா என்று போய்க் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு திடப்பொருள் சுமையைக் கணக்குப் போடுங்கள். வரும் நீர் மணிக்கு 200 கன மீட்டர், ஆர்ஏஎஸ் 150, எம்எல்எஸ்எஸ் கன மீட்டருக்கு 3.5 கிலோ, கிளாரிஃபையர் பரப்பு 300 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 4.1 கிலோ, பரவாயில்லை. மழை வந்து வரத்து 400 ஆனால் 6.4. இந்த நேரத்தில் ஆர்ஏஎஸ்ஸைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் சுமை இன்னும் ஏறும், நீங்கள் இழுக்கும் ஸ்லட்ஜ் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே கிளாரிஃபையருக்குத்தான் திரும்பி வருகிறது. மழைக்கு முன்பே எம்எல்எஸ்எஸ்ஸைக் குறைத்து வைத்திருப்பதும், வசதி இருந்தால் வரும் நீரை ஏரேஷன் தொட்டியின் பின்பகுதியில் விடுவதும்தான் உண்மையான வைத்தியம்.

நன்றாகப் படிந்தது, ஒரு மணி நேரம் கழித்துக் கட்டி கட்டியாக மேலே வருகிறது

இதையும் பல்கிங் என்று எழுதிவிட்டுப் போவார்கள். இல்லை. அந்த 30 நிமிட ஜாடியைக் கொட்டாமல் இரண்டு மணி நேரம் விட்டுவைத்தால் தெரியும்: படிந்த ஸ்லட்ஜ் மொத்தமாக எழும்பும், ஒரு குச்சியால் கலக்கினால் குமிழ்கள் பிரிந்து மறுபடி கீழே போகும். அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி ஸ்லட்ஜைத் தூக்குகிறது. பிளாங்கெட் உயரமாக இருப்பதுதான் நேரடிக் காரணம், ஸ்லட்ஜ் அங்கே தங்கும் நேரத்தைக் குறைக்க இந்த இடத்தில் ஆர்ஏஎஸ்ஸை ஏற்றுவது சரி. நிரந்தரமாக வேண்டுமென்றால் அனாக்ஸிக் தொட்டியிலேயே (காற்றூட்டாமல் நைட்ரேட்டை வாயுவாக்கும் தொட்டி) நைட்ரேட்டை முடித்துவிட்டு அனுப்ப வேண்டும். எழும்பும் கட்டி கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் மட்டும் கதை வேறு, ஸ்க்ரேப்பர் எங்கோ ஒரு மூலையைத் தொடவில்லை.

கீழே வேகமாகப் படிகிறது, மேலே தண்ணீர் கலங்கல்

மெல்ல வந்த கலங்கல் என்றால் ஸ்லட்ஜுக்கு வயதாகிவிட்டது, குண்டூசித் தலை மாதிரி சிறு துகள்கள் மிதக்கும், நுண்ணோக்கியில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் நிறைய இருக்கும். வெளியேற்றுவதைக் கூட்டுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

ஒரே இரவில் வந்த கலங்கல் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் விஷம். காம்போடு ஒட்டியிருக்கும் வொர்டிசெல்லா என்ற நுண்ணுயிர் நேற்றுவரை சுருங்கி விரிந்துகொண்டிருந்தது, இன்று அசையாமல் கிடக்கிறதென்றால் யாரோ எதையோ திறந்துவிட்டிருக்கிறார்கள். இதைப் பத்து நிமிடத்தில் உறுதிப்படுத்தலாம். மாதிரியை நன்றாகக் காற்றூட்டி, பிஓடி பாட்டிலில் நிரப்பி, டிஓ ப்ரோபைச் செருகிக் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் 5 மி.கி. இறங்கினால் மணிக்கு 30. ஆவியாகும் திடப்பொருள் லிட்டருக்கு 2.5 கிராம் என்றால் கிராமுக்கு மணிக்கு 12 மி.கி. ஆக்ஸிஜன், இது ஆரோக்கியம். வழக்கமாக 8 முதல் 20க்குள் இருக்கும். சாப்பாடு வந்துகொண்டிருக்கும்போதே இது 3, 4க்கு விழுந்தால் ஸ்லட்ஜ் மயங்கிக் கிடக்கிறது. வரும் நீரை சமநிலைத் தொட்டிக்குத் திருப்ப முடிந்தால் திருப்புங்கள், வெளியேற்றுவதை நிறுத்துங்கள், மாதிரியைக் குளிரில் எடுத்து வையுங்கள், பின்னால் கேட்பார்கள். உங்கள் நிலையத்தின் சாதாரண நாள் எண் கையில் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் பாதி மதிப்புதான், அதனால் நல்ல நாட்களிலும் வாரம் ஒரு முறை செய்து எழுதி வைக்கவும்.

நுரை

வெள்ளையாகச் சோப்பு மாதிரி, தண்ணீர் தெளித்தால் அடங்குகிறதா? இளம் ஸ்லட்ஜ் அல்லது சோப்புத்தூள். புதிதாக ஆரம்பித்த நிலையத்தில் எம்எல்எஸ்எஸ் ஏற ஏறத் தானே போகும். வெளியேற்றுவதைக் குறைத்துப் பொறுமையாக இருங்கள்.

பழுப்பாக, தடிமனாக, எண்ணெய்ப்பசையோடு தோல் மாதிரி மூடினால் கோர்டோனியா அல்லது மைக்ரோத்ரிக்ஸ் என்ற இழை பாக்டீரியா. எண்ணெய், கொழுப்பு அதிகம், ஸ்லட்ஜ் வயது அதிகம், நுரை வெளியேற வழியில்லாமல் தடுப்புச் சுவருக்குள் சிக்கிக் கிடக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால் பண்ணை வைத்த மாதிரிதான். மேற்பரப்பிலிருந்தே அள்ளி வெளியேற்றுங்கள். அள்ளியதை நிலையத்தின் தலைப்பகுதிக்குத் திருப்பி விடாதீர்கள், அது விதை தூவுகிற வேலை. இதைப் பலமுறை சொல்லியும் அள்ளிய நுரையைத் தள்ளும் ஸ்கம் பம்பின் குழாய், வரும் நீர் சேரும் இன்லெட் சம்ப்புக்குத்தான் போகும் நிலையங்கள் ஏராளம், வடிவமைத்தவரைத்தான் கேட்க வேண்டும். சிலிக்கான் நுரைக்கொல்லி ஊற்றும் பழக்கம் இருந்தால், மெம்பிரேன் (ஸ்லட்ஜை வடிகட்டும் நுண்துளைச் சவ்வு) உள்ள நிலையத்தில் அதை அடியோடு விடுங்கள்.

அம்மோனியா ஏறுகிறது

இங்கேயும் கடிகாரம்தான் முதலில். தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறதா? அல்லது வாரத்தில் ஒரே கிழமையிலா? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அம்மோனியா எகிறும், மற்ற நாள் ஒன்றுக்கும் கீழே. டிஓவைக் கூட்டினோம், வெளியேற்றுவதைக் குறைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லாக் புக்கைப் புரட்டினால் அதே இரண்டு நாள்தான் ஸ்லட்ஜைச் சுழற்றிப் பிழியும் சென்ட்ரிஃப்யூஜ் ஓடியிருக்கிறது. டைஜஸ்டரில் செரித்த ஸ்லட்ஜைப் பிழிந்த தண்ணீரில் அம்மோனியா லிட்டருக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டி இருக்கும். அதை ஒரே மூச்சில் தலைப்பகுதிக்கு விட்டால் எந்த நிலையமும் திணறும். ஒரு பழைய தொட்டியில் சேர்த்து வைத்து இரவில் வரத்து குறைந்த நேரத்தில் மெல்ல விட்டோம், தீர்ந்தது.

அப்படி முறை எதுவும் இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனைப் பாருங்கள். அம்மோனியா நைட்ரஜன் 1 மி.கி. நைட்ரேட்டாக 4.57 மி.கி. ஆக்ஸிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 மி.கி. ஆல்கலினிட்டியும் செலவாகும். வரும் நீரில் அம்மோனியா 40, ஆல்கலினிட்டி 250 என்று வையுங்கள். தேவை 286. முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும், பிஹெச் சரியும், பாக்டீரியா நின்றுவிடும். கடைசியில் 70 முதல் 100 மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அனாக்ஸிக் தொட்டி ஒழுங்காக வேலை செய்தால் நைட்ரேட் 1 மி.கி.க்கு 3.57 திரும்பக் கிடைக்கும், சுண்ணாம்போ சோடாவோ வாங்குவதற்கு முன் அந்தப் பாதியை மீட்கலாம். பாஸ்பரஸுக்காக ஆலம் போடும் அளவைச் சமீபத்தில் ஏற்றினீர்களா? ஆலம் 1 மி.கி. சுமார் அரை மி.கி. ஆல்கலினிட்டியைத் தின்னும். ஒரு ஷிஃப்ட் பாஸ்பரஸைச் சரிசெய்ய, அடுத்த ஷிஃப்ட் அம்மோனியாவோடு மல்லுக்கட்டுவது இப்படித்தான்.

ஆல்கலினிட்டியும் டிஓவும் சரி என்றால் ஸ்லட்ஜ் வயது. தொட்டியில் உள்ள திடப்பொருள் எடையை, ஒரு நாளில் வெளியேற்றியதும் வெளியேறும் நீரோடு போனதும் சேர்ந்த எடையால் வகுங்கள். குளிர் வந்தால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா மிக மெதுவாக வளரும், வெயிலில் 6 நாள் போதுமாக இருந்த இடத்தில் குளிரில் 12 நாள் கூடப் போதாமல் போகலாம். குளிர் இறங்குவதற்கு முன்பே வயதை ஏற்றியிருக்க வேண்டும், அம்மோனியா ஏறிய பிறகு ஏற்றினால் இரண்டு மூன்று வாரம் காத்திருப்புதான். அவசரம் என்றால் நன்றாக ஓடும் வேறு நிலையத்திலிருந்து ஸ்லட்ஜ் கொண்டுவந்து போடலாம்.

குளோரின் போட்டுக்கொண்டே இருக்கிறோம், மிச்சம் காட்டவே இல்லை

வெளியேறும் நீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரினைச் சொல்கிறேன். இது மேலே சொன்ன அம்மோனியாக் கதையின் தொடர்ச்சி, ஆனால் குளோரின் பம்பைக் கழற்றி மாட்டுவதில் இரண்டு நாள் போன பிறகுதான் பலருக்கு உறைக்கும். அம்மோனியா நைட்ரைட்டாகி அங்கேயே பாதியில் நின்றுவிட்டால், அந்த நைட்ரைட் நைட்ரஜன் 1 மி.கி. சுமார் 5 மி.கி. குளோரினை விழுங்கும். நைட்ரைட் 2 இருந்தாலே 10 மி.கி. குளோரின் காணாமல் போகும், கிருமி அப்படியே நிற்கும். அம்மோனியா நிறைய இருக்கும்போது இது தெரிவதில்லை, குளோரின் குளோரமைனாக மாறிவிடும், அது நைட்ரைட்டோடு அவ்வளவு வேகமாகச் சேராது. அம்மோனியா தீர்ந்து நைட்ரைட் மிஞ்சும் அந்த இடைவெளியில்தான் மாட்டுவோம். நைட்ரைட்டை அளக்கும் சோதனைப் பட்டை ஒன்று குளோரின் அறையிலேயே இருக்கட்டும். தற்காலிகமாகக் குளோரினுக்கு முன் கொஞ்சம் அம்மோனியா சேர்ப்பவர்களும் உண்டு, ஆனால் வெளியேற்ற அம்மோனியா வரம்பைப் பார்த்துக்கொண்டு. நிரந்தரத் தீர்வு டிஓவையும் ஸ்லட்ஜ் வயதையும் சரிசெய்து நைட்ரேட் வரை முடிப்பது.

நைட்ரேட் இறங்கவில்லை

அனாக்ஸிக் தொட்டிக்குள் கையடக்க டிஓ மீட்டரை விடுங்கள். 0.3க்கு மேல் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். உள் சுழற்சி (ஏரேஷன் தொட்டியிலிருந்து அனாக்ஸிக் தொட்டிக்குத் திருப்பும் நீர்) வரும் நீரைப்போல் 4 மடங்கு ஓட்டத்தில், டிஓ 4 மி.கி.யோடு வந்தால், வரும் நீர் ஒவ்வொரு லிட்டருக்கும் 16 மி.கி. ஆக்ஸிஜனைக் கூடவே கொண்டுவருகிறீர்கள், பாக்டீரியா உணவை அதற்கே செலவழித்துவிடும். ஏரேஷன் தொட்டியின் கடைசிப் பகுதியில் காற்றைக் குறைப்பது செலவில்லாத வைத்தியம். டிஓ சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் உணவு பற்றவில்லை, நைட்ரஜன் 1க்குக் குறைந்தது பிஓடி 4 என்பது கைக்கணக்கு. மிக்ஸர் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள், பேனலில் பச்சை விளக்கு எரிந்தும் பிளேடு இல்லாத மிக்ஸரைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்பரஸ்

மாதிரியை 0.45 மைக்ரானில் வடிகட்டி ஒரு முறை, வடிகட்டாமல் ஒரு முறை அளந்துவிட்டு வாருங்கள். கரைந்தது குறைவு, மொத்தம் அதிகம் என்றால் குறை பாஸ்பரஸில் இல்லை, துகளில் இருக்கிறது. வெளியேறும் துகள் 15 மி.கி., அதில் பாஸ்பரஸ் 4 சதவீதம் என்றால் அதுவே 0.6 மி.கி. ஆலத்தைக் கூட்டிப் பலனில்லை, படிவையோ வடிகட்டியையோ பாருங்கள். கரைந்ததே அதிகம் என்றால் ஆர்ஏஎஸ்ஸோடு நைட்ரேட் அனேரோபிக் (ஆக்ஸிஜனும் நைட்ரேட்டும் இல்லாத) தொட்டிக்குள் நுழைகிறதா, கிளாரிஃபையர் அடியில் ஸ்லட்ஜ் அதிக நேரம் தங்கிப் பாஸ்பரஸைத் திரும்பக் கக்குகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

மெம்பிரேனில் அழுத்தம் ஏறுகிறது

வாரங்களாகச் சாய்வாக ஏறினால் வழக்கமான அழுக்கு, உயிர்ப்படலத்துக்கு ஹைப்போகுளோரைட், சுண்ணாம்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நடுவில் நன்றாகக் கழுவுங்கள். கலந்தால் குளோரின் வாயு வரும், ஆள் போய்விடும். ஒரு மணி நேரத்தில் தாவினால் சுத்தம் செய்ய ஓடாதீர்கள், காற்றுக் கழுவல் நின்றிருக்கும், அல்லது பாலிமர் தவறி உள்ளே வந்திருக்கும், அல்லது சல்லடை கிழிந்து முடி வந்திருக்கும்.

ரிப்போர்ட்டில் மட்டும் பிஓடி அதிகம்

தண்ணீர் தெளிவு, துகள் 5, சிஓடி (ரசாயன முறையில் அளக்கும் ஆக்ஸிஜன் தேவை) குறைவு, ஆனால் ஆய்வகம் பிஓடி 25 என்கிறது. அரைகுறையாக நைட்ரிஃபை செய்யும் (அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்) நிலையங்களில் இது நடக்கும். மாதிரியோடு போன நைட்ரிஃபையர்கள் அந்த ஐந்து நாளும் பாட்டிலுக்குள் மிச்ச அம்மோனியாவைத் தின்று ஆக்ஸிஜனை இறக்கிவிடுகின்றன. அம்மோனியா 3 மி.கி. இருந்தாலே 13 மி.கி.க்கு மேல் பிஓடியாகத் தெரியலாம். தொட்டியில் எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் நைட்ரிஃபிகேஷன் தடுப்பான் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் அனுமதியில் எழுதியிருப்பது மொத்த பிஓடியா, அம்மோனியாவின் பங்கு நீக்கிய கார்பன் பிஓடியா என்பதையும் அந்த ஐந்து நாளுக்குள் எடுத்துப் படித்துவிடுங்கள்.